சமாதானம் வந்தால் தேவசித்தமா?

போன வருசம் லெந்து நாட்களுக்கு முன்னால் எங்கள் சபையில் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். எங்கள் கோயிலுக்கு ஆஸ்பெட்டாஸ் கூரை. மத்தியானத்தில் உள்ளே உட்கார்ந்தால் மண்டை காய்ந்துவிடும். ஆனாலும் சனம் வந்து உட்கார்ந்தது. கடைசி நாள் ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். விசுவாசி அன்றாட வாழ்க்கையில் எப்படி முடிவெடுப்பது, எப்படித் தலைவனாக எழும்புவது என்பதுதான் விஷயம். அதன் பேரும் போட்டவர்கள் பேரும் இங்கே வேண்டாம். அந்த மாதிரிப் புத்தகம் ஒன்றல்ல, நூறு இருக்கிறது. ஒன்றைப் படித்தால் நூறையும் படித்த மாதிரிதான்.

புத்தகம் சொல்லும் வழி எளிமையானது. முதலில் ஜெபம் பண்ணு. பிறகு வசனத்தைத் தேடு. பிறகு பெரியவர்களிடம் ஆலோசனை கேள். கடைசியாக மனசில் சமாதானம் இருக்கிறதா என்று பார். இருந்தால் அது தேவசித்தம், துணிந்து செய். இல்லையென்றால் காத்திரு.

மூன்றாம் நாள் சாயங்காலம் கேள்வி நேரம். என் அக்கா மகன் எழுந்தான். பட்டப்படிப்பு முடித்துவிட்டு குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிற பையன். அவன் போதகரைக் கேட்கவில்லை. மூப்பர்களில் ஒருவன் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கேட்டான். "ஏனுங் மாமா, நான் ஞானஸ்நானம் எடுக்கோணும்னு இருக்கறன். எடுத்தா என்ற சர்ட்டிபிகேட் என்னாகும்? எடுக்காம இருந்தா நான் யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் போதகர் முந்திக்கொண்டார். "ஜெபம் பண்ணுங்க தம்பி. மனசுல சமாதானம் வரும். அதுதான் பதில்."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கொடுமுடி என்றால் வெளியே உள்ளவர்களுக்கு மகுடேசுவரர் கோயில் தெரியும், காவிரித் துறை தெரியும், கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் என்று தெரியும். பங்குனியில் பழனிக்குத் தீர்த்தக்காவடி எடுக்கிறவர்கள் இங்கேதான் தண்ணீர் மொள்ள வருவார்கள். நாங்கள் அந்தப் படத்துக்கு வெளியே, கரும்பும் மஞ்சளும் விளைகிற வயலுக்கு அக்கட்டால, வளவில் இருப்பவர்கள். அருந்ததியர். எங்கள் அப்பாரு செருப்புத் தைத்தவர், கவலை இறைக்கிற பறி தைத்தவர். கிணற்றுக்கு மோட்டார் வந்ததும் பறி போனது. அய்யன் பண்ணையத்துக்குப் போனார். தானியத்துக்கும் முன்பணத்துக்கும் வருசம் பூராவும் ஒரே தோட்டத்தில் வேலை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) படித்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் பண்ணையத்துப் பையனுக்கு எப்படி விடியும், எப்படி அடையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தச் சின்னப் புத்தகத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசிப்போம். அது 'நீ' என்று கூப்பிடுகிறதே, அந்த 'நீ' யார்? எந்த வேலைக்குப் போவது, எந்தப் பெண்ணைக் கட்டுவது, வீட்டுக்கடன் வாங்கலாமா கூடாதா என்று இரண்டு மூன்று வழி எதிரே விரிந்து கிடக்க, எதில் நடப்பது என்று திகைத்து நிற்கிறவன் அவன். நல்லது, அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வளவில் முடிவு என்பது எங்களிடம் வரும்போதே பாதி முடிந்துதான் வரும். முன்பணம் வாங்கின அன்றைக்கே அடுத்த வருசம் தீர்ந்துவிட்டது. எந்தப் பாதையில் நடக்கலாம் என்பதை ஊர் தீர்த்துவிட்டது. செத்தவனை எங்கே புதைப்பது என்பதும் தீர்ந்துவிட்டது. நம்மிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்றுதான், இணங்குகிறாயா இல்லையா.

இணங்கினால் சமாதானம் வரும். இதைத்தான் அந்தப் புத்தகம் எழுதியவர் யோசிக்கவே இல்லை. அய்யன் ஊருக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தன் அப்பன் தைத்த செருப்பு. கழற்றின உடனே யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "என்றா, சவுக்கியமா?" என்றுகூடக் கேட்பார்கள். வீட்டில் சமாதானம், தோட்டத்தில் சமாதானம், மனசிலும்தான். போட்டுக்கொண்டு நடந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் இருந்திருக்காது. மனச்சமாதானத்தை அளவுகோலாக வைத்தால் கழற்றினதுதான் தேவசித்தம் என்று ஆகிறது. ஒடுக்கப்பட்டவனுடைய மனசு நடுநிலைத் தராசு இல்லை. அதில் பண்ணாடியின் விரல் எப்போதும் ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கிறது.

1990களில் கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் எனக்கு பாமாவின் 'கருக்கு' கொடுத்தான். 1992இல் வந்த புத்தகம். ஒரே ராத்திரியில் படித்தேன். அதைப் பற்றி அன்றைக்கும் இன்றைக்கும் நிறையப் பேசியாயிற்று. தன்வரலாறா நாவலா, சேரிமொழி இலக்கியமாகுமா என்றெல்லாம் அடித்துக்கொண்டோம். நான் அதை இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். அது முடிவெடுப்பதைப் பற்றிய புத்தகம்.

பாமா இரண்டு பெரிய முடிவுகள் எடுக்கிறார். கையில் இருந்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்கிறார், தன் சனத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று. சில வருசம் கழித்து மடத்தைவிட்டு வெளியே வருகிறார். முதல் முடிவைச் சபை விசுவாசம் என்று கொண்டாடும். இரண்டாவதை வழுவிப்போனது என்று சொல்லும். நம் முற்போக்கு வாசகர்களோ இதைத் திருப்பிப் போட்டார்கள். உள்ளே போனது ஏமாந்துபோனது, வெளியே வந்தது தெளிவடைந்தது, மதத்திலிருந்து விடுதலை என்றார்கள். இரண்டு வாசிப்பும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. விசுவாசம் என்றால் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பது என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள்.

பிரதியை அதன் போக்கில் வாசித்தால் வேறொன்று தெரிகிறது. உள்ளே போக வைத்ததும் வெளியே வர வைத்ததும் ஒரே நம்பிக்கைதான். மடத்தில் கீழ்ப்படிதல், தாழ்மை, பொறுமை என்று ஓதுகிறார்கள். பாமா தானாக வேதத்தை வாசிக்கும்போது அநியாயத்தைப் பார்த்துக் கோபப்படுகிற, எளியவர் பக்கம் நிற்கிற ஒரு ஆளைப் பார்க்கிறார். இந்த ஆளை நமக்கு ஏன் யாரும் காட்டவில்லை என்று கேட்கிறார். முன்னுரையிலேயே பனங்கருக்கின் இரண்டு பக்க ரம்பத்தையும், எபிரெயர் நிருபத்தில் வருகிற இருபுறமும் கூரான பட்டயத்தையும் அவர் சேர்த்துவைக்கிறார். அந்தப் பட்டயம் சபையையும் சேர்த்து அறுக்கும். இது நாத்திகம் எழுதிய புத்தகம் இல்லை.

வெளியே வந்த பாமாவுக்குச் சமாதானம் கிடைத்ததா? இல்லை. கடைசிப் பக்கங்களைத் திரும்பப் படியுங்கள். வேலை இல்லை, கூட யாரும் இல்லை, எப்படிப் பிழைப்பது என்ற பயம். பயிற்சிப் புத்தகத்தின் கணக்குப்படி பார்த்தால் அவர் தப்பான முடிவெடுத்துவிட்டார், காத்திருந்திருக்க வேண்டும். அதே கணக்கை கெத்செமனே தோட்டத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? இயேசு அங்கே வேர்வை இரத்தத்துளி மாதிரி விழ விழ ஜெபித்தார் என்று லூக்கா எழுதுகிறார். சமாதானத்தோடு எடுத்த முடிவா அது?

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. எனக்கு எட்டு வயசு இருக்கும். அய்யன் வாங்கின முன்பணத்துக்கு என்னை ஆடு மேய்க்க விடச் சொல்லிப் பண்ணாடி ஆள் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சபையில் கேட்ட கதைகள்தான் அவளுக்கு வேதாகமம். அன்றைக்கு ராத்திரி பூராவும் மண்டிபோட்டு அழுதுகொண்டே இருந்தாள். விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்க் கட்டுத்தரைக்கு வெளியே நின்று, "சாமி, பணத்துக்கு நானும் வேலைக்கு வர்றனுங்க. பையன் பள்ளிக்கூடம் போகட்டுமுங்க" என்றாள். அவர் கத்தின கத்தல் வளவு வரைக்கும் கேட்டது. திரும்பி வரும்போது அவளுக்குக் கைகால் நடுங்கிக்கொண்டிருந்தது. அய்யன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஜெபத்தில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று பிற்பாடு கேட்டிருக்கிறேன். "என்னமோ போகோணும்னு தோணுச்சு. பயம் போகல. பயத்தோடயே போனேன்" என்றாள். அந்த நடையின் கூலியில்தான் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரே இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஆரோக்கியத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாவல் வந்தபோது தலித் வட்டாரத்தில் பெரிய சண்டை. பறையர் காலனிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. தலித்தைத் தலித்துக்கு எதிராக நிறுத்திவிட்டார் என்று ஒரு பக்கம், உள்ளதைத்தானே எழுதினார் என்று இன்னொரு பக்கம். பட்டியலின் அடித்தட்டில் உள்ள அருந்ததியன் நான், எனக்கு அந்தச் சண்டையில் இமையம் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. அது கிடக்கட்டும். அந்தச் சண்டையில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. ஆரோக்கியம் ஒரு கிறிஸ்தவச்சி. அந்தோணியாரை விட்டால் அவளுக்குக் கதியில்லை. மகன் பீட்டரைச் சாமியாராக்க வேண்டும் என்பது அவள் கனவு. ஒவ்வொரு அடிக்கும் அவள் வாயில் சாமி பேர் வருகிறது.

ஆனால் அவள் எடுக்கிற முடிவுகளைப் பாருங்கள். ராச்சோறு குறைந்தாலும் ஊரை விடமாட்டாள். களத்தில் கிடைக்கிற தானியம் வருசா வருசம் சுருங்கினாலும் விடமாட்டாள். மகன் ஜோசப் பெண்டாட்டியோடு வேறு ஊருக்குப் பிழைக்கப் போகிறான், அதை அவளால் தாங்க முடியவில்லை. மகள் மேரியை ஊர்க்காரன் ஒருவன் நாசப்படுத்துகிறான், அதை வெளியே சொல்லாமல் விழுங்கிவிடுகிறாள். அவளுடைய விசுவாசம் அவளைத் தாங்குகிறது, அதை நான் கேலி செய்யமாட்டேன், அவ்வளவு சுமையை வேறு எதனாலும் தாங்க முடியாது. தாங்குகிற அதே கைதான் அவளை அந்த இடத்திலேயே உட்காரவும் வைக்கிறது. சபை அவளுக்கு அந்தோணியாரைக் கொடுத்தது. பாமா தானாகக் கண்டெடுத்த அந்தக் கோபக்கார இயேசுவைக் கொடுக்கவில்லை. எந்தக் கதையை யாருக்குச் சொல்வது என்று தீர்மானிக்கிறவன் கையில்தான் தலைமை இருக்கிறது.

அதனால்தான் பயிற்சிப் புத்தகத்தின் தலைமை அத்தியாயத்துக்கு வருகிறேன். அங்கே யோசேப்புதான் நாயகன். குழியில் தள்ளப்பட்டவன், சிறையில் கிடந்தவன், எகிப்துக்கே அதிகாரியானவன். ஏழு வருச விளைச்சலைச் சேர்த்துவைத்து ஏழு வருசப் பஞ்சத்தைச் சமாளித்த நிர்வாகி. தாழ்த்தப்பட்ட நிலையிலிருந்து உயர்ந்தவன், உங்களுக்குப் பொருத்தமான உதாரணம் என்று போதகர் பூரிப்போடு சொன்னார். ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தை அவர் வாசிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து வாசித்தேன். பஞ்சத்தில் தானியம் கேட்டு வந்த சனத்திடம் யோசேப்பு முதலில் பணத்தை வாங்குகிறான். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகள். அதுவும் தீர்ந்ததும் நிலம். நிலத்தோடு அவர்களையும். விதைத் தானியம் கொடுத்து, விளைச்சலில் ஐந்தில் ஒன்று பார்வோனுக்கு என்று சட்டம் போடுகிறான். பூசாரிகளின் நிலத்தை மட்டும் தொடவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு எகிப்து தெரியவில்லை, எங்கள் வயக்காடு தெரிந்தது. தானியத்துக்கு உடம்பை எழுதிக்கொடுப்பதற்கு இங்கே பண்ணையம் என்று பேர். யாத்திராகமம் தொடங்கும்போது யோசேப்பின் சனமே அடிமையாகிச் செங்கல் சுமந்து பார்வோனுக்குப் பண்டகசாலைப் பட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறது. நம்மில் ஒருவன் மேலே போனால் போதும் என்கிற தலைமைக்கு அந்த இரண்டு புத்தகமும் சேர்ந்து சொல்கிற பதில் இது. அந்தோணி பூலா 2022 ஆகஸ்டில் முதல் தலித் கர்தினால் ஆனபோது நானும் சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் களஞ்சியத்தின் சாவி கைக்கு வருகிறது என்று கேட்காமல் சந்தோசப்பட முடியவில்லை.

இன்னொன்று. யோவான்ஸ்நானகன் தனக்குப் பின்னால் வருகிறவருடைய செருப்பு வாரை அவிழ்க்கக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்கிறானே, அதற்கு விளக்கம் சொல்லும்போது போதகர், "செருப்பு வாரைத் தொடுவது அடிமையிலும் கேவலமான அடிமையின் வேலை" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார். "ஏனுங்கய்யா, வாரைத் தெச்சவனுக்கு என்ன பேருங்க?" சிரிப்பு எழுந்தது. போதகருக்குப் புரியவில்லை. மூன்று நாளில் நடந்த ஒரே இறையியல் அதுதான் என்பேன்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும், 2005இல் காலமானார். நம் பக்கத்து ஈரோட்டில் இருந்த லண்டன் மிஷன் பாதிரி பாப்லி 1921இல் இந்திய இசையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அந்தக் காலத்திலிருந்து கோயில் பாட்டுக்குக் கர்நாடக சங்கீதம்தான் மரியாதை. பறை வாசலுக்கு வெளியே நின்றது. பரட்டை அண்ணன் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திருவிருந்தை ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து தின்கிற சோறாகப் பேசினார். யார் உலையில் யார் கை வைப்பது என்பதுதான் சாதி என்று தெரிந்தவர் சொல்கிற இறையியல் அது. அவரைத் தலைவர் என்று யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை, அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இனி என் மருமகன் கேள்விக்கு வர வேண்டும். சுற்றிச் சுற்றி அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து அல்லாதவன் பட்டியல் சாதியில் இல்லை. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியே. ஞானஸ்நானம் எடுத்த அருந்ததியன் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறான். 2009இல் போராடி வாங்கின மூன்று சதவீத உள்ஒதுக்கீடு அவனுக்கு இல்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்றபோது வளவில் வெடி போட்டோம், அது அவனுக்கான வெடி இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லை. தனி ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்க முடியாது. சபையில் தலைமைத்துவம் கற்றுக்கொடுக்கிறார்களே, கற்றுக்கொண்டவன் தன் ஊருக்குத் தலைவனாகும் வழி முழுக்குத் தொட்டியிலேயே அடைபட்டுவிடுகிறது. இதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத்தையும் பட்டியலையும் பிரிக்கச் சொன்னது. கேட்க ஆளில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? ஞானஸ்நானமும் எடுத்து, கோயிலுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்புக்குச் செய்கிற மோசடி என்றது. இன்னொரு பக்கம், திரும்பி இந்துவாகி, சாதிக்காரர்களும் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி திரும்பக் கிடைக்கும் என்றும் தீர்ப்பு இருக்கிறது. இதற்குக் கிரகணம் என்று உவமை சொல்கிறார்கள். மதம் மாறினால் சாதி மறைந்திருக்கும், திரும்பினால் வெளிச்சத்துக்கு வரும். எங்கள் ஊர்க் கல்லறையில் வந்து பார்க்கட்டும், ஒரு நிமிசமாவது மறைந்திருக்கிறதா என்று.

எனக்கு இரண்டு பேர் உண்டு. பள்ளிக்கூடத்தில் குலசாமி பேர், சபையில் வேதாகமப் பேர். சேர்க்கும்போது வாத்தியார் கேட்க, அய்யன் குலசாமி பேரைச் சொன்னார். அந்தப் பேர்தான் உதவித்தொகை வாங்கியது, வேலை வாங்கியது. உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்கிற மலைப்பிரசங்க வசனத்தைப் போதகர் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசும். வெகுகாலம் கூசியது. பிறகு யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராளையும் பூவாளையும் பார்த்தேன். எபிரெய ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் கூசாமல் பொய் சொன்ன மருத்துவச்சிகள். தேவன் அவர்களைக் கண்டிக்கவில்லை, அவர்கள் குடும்பம் தழைக்கச் செய்தார் என்று எழுதியிருக்கிறது. அய்யன் வேதாகமம் படித்தவரில்லை. ஆனால் அந்த வாத்தியார் மேசைக்கு முன்னால் அவர் நின்றது அந்த மருத்துவச்சிகள் நின்ற இடம் என்றுதான் நான் வாசிக்கிறேன். பொய்யன் என்று அவரைச் சொல்கிறவர்கள் அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கின ஆணையை முதலில் சொல்லட்டும்.

இது எனக்குப் போதுமான வாசிப்பு. என் மருமகனுக்குப் போதுமா என்று தெரியவில்லை. அவன் தலைமுறை வேறு. மறைந்து வாழ்கிற விசுவாசம் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அப்பாருவைப் பற்றிச் சொன்னால், "நீங்க பேரைக் கையில எடுத்துக்கிட்டு நடக்கறீங்க மாமா" என்கிறான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூப்பர் என்ற முறையில் என்னிடம் ஆலோசனை கேட்கிறான். எடு என்று சொன்னால் அவன் சோற்றில் கைவைக்கிறேன். எடுக்காதே என்று சொன்னால் எதற்கு நான் மூப்பன்? ஜெபம் பண்ணிப் பார்த்துவிட்டேன். எனக்குச் சமாதானம் வரவில்லை. வராததே நல்லது என்றுகூடத் தோன்றுகிறது.

'கருக்கு'வை அவனிடம் கொடுத்தேன், விடுதியில் நண்பன் கொடுத்த அதே பழைய பிரதி. ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தான். அன்றைக்குத்தான் நான் ஞானஸ்நானப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை எட்டிப் பார்த்தான்.

"எனக்கொரு வரி விட்டு வைய்யுங் மாமா. எந்தப் பேரு போடறதுன்னு பரீட்சை முடிஞ்சு வந்து சொல்றன்."

ஏழாவது வரியைக் காலியாக விட்டு எட்டாவதை எழுதினேன்.